நான் எழுந்த நாற்காலியில் நீ உட்காராதே

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன். "என்னம்மா, சந்தோஷமா இல்லியா? உன் சீட்டு எனக்கு வருது. சேர்மனே நேரடியா கூப்பிட்டுப் பேசினாரு" என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கையில் போனை வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு நீ நான்கு முறை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அல்லது மறுபடியும் பொய் வரும். அதனால் எழுதுகிறேன். நீ சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை என்று சொன்னாய். இன்று புதன். போடாதே, தம்பி. மீதியைப் படிக்க உனக்கு நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஒரு வார்த்தையை மட்டும் படித்துவிடு. போடாதே.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நகல் எடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுக்கப்போகிறேன். கேட்கிற பத்திரிகைக்காரர்களுக்கும் கொடுப்பேன். உனக்கு அது அவமானமாக இருக்கும், தெரியும். உனக்கு மட்டும் எழுதினால் நீ அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு, "அம்மா, விடும்மா, இதெல்லாம் வெளிய தெரிய வேண்டாம்" என்று பாசத்தோடு சொல்வாய். அந்தப் பாசத்துக்கு நான் மசிந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நான் உடம்பு சரியில்லாமல் அந்தக் கம்பெனியின் இயக்குநர் பதவியிலிருந்து விலகினேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ராஜினாமாக் கடிதத்தில் அப்படித்தான் எழுதினேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். உன் மனைவி எனக்குச் சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கி அனுப்பினாள். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கதிர்.

நான் அங்கே போன கதையிலிருந்து தொடங்குகிறேன். உன் அப்பா போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கல்லூரியிலிருந்தும் ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு நாள் காலை சேர்மன் நம் வீட்டுக்கு வந்தார். தஞ்சாவூரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஐந்து ஜில்லாவில் அரிசி ஆலை, தவிட்டெண்ணெய் ஆலை, பேராவூரணிப் பக்கம் தேங்காய் எண்ணெய், சென்னையில் தலைமை அலுவலகம், பங்குச் சந்தையில் பெயர். நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மா, போர்டுல ஒரு பெண் இயக்குநர் இருக்கணும்னு சட்டம். நீங்க கெமிஸ்ட்ரி புரொபசர். நம்ம மண்ணுக்காரங்க. உங்களவிட யாரு இருக்கா?" என்றார். நான் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை அவரே எழுந்துபோய்ச் சமையல் மேடையில் வைத்தார்.

உனக்குச் சொன்னதில்லை. என் அப்பா, அதாவது உன் தாத்தா, அவர்கள் குடும்பத்துப் பண்ணையில்தான் ஆளாக இருந்தார். அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வரைதான் அவரால் போக முடியும். அந்த வீட்டுப் பிள்ளை என் வீட்டில் உட்கார்ந்து, என்னை "அம்மா" என்று கூப்பிட்டு, தான் குடித்த டம்ளரைத் தானே எடுத்து வைக்கிறார். அந்த டம்ளர்தான் என்னை விழ வைத்தது. சம்மதம் என்று அன்றைக்கே சொன்னேன். முதல் கூட்டத்துக்குச் சென்னை போனபோது, நீள மேஜையில் என் பெயர் பொறித்த பலகை இருந்தது. அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ அதை உன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினாய். அந்தப் பலகையை இழந்துவிடக் கூடாது என்கிற எண்ணம் எனக்குள் அன்றைக்கே புகுந்துவிட்டது. ஆறு வருஷம் நான் செய்தது, செய்யாமல் விட்டது, எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

கூட்டம் எப்படி நடக்கும் என்று நீ வக்கீல் என்பதால் காகிதத்தில் படித்திருப்பாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் முன்னால் முந்நூறு பக்கம் வரும். கூட்டம் பத்தரைக்குத் தொடங்கும், ஒரு மணிக்குச் சாப்பாடு. விற்பனை, விரிவாக்கம், புது ஆலை, ஏற்றுமதி என்று எல்லாம் ஓடி முடிந்த பிறகு, ஆலைப் பாதுகாப்பு என்கிற விஷயம் கடைசியாக வரும். அதற்குள் பக்கத்து அறையில் தட்டு வைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். திரையில் ஒரு பட்டியல், எல்லாம் பச்சை நிறம். "நோட் பண்ணிக்கலாமா?" என்பார் நிர்வாக இயக்குநர். அவர் சேர்மனின் மருமகன், சிரித்த முகம். எல்லாரும் தலையாட்டுவோம். முதல் வருஷம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இந்தப் பச்சையை யாரு போடுறாங்க? ஆலையில இருக்கறவங்களா, இங்க இருக்கறவங்களா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு இயக்குநர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், குரலைத் தாழ்த்தி, "மேடம், கேள்வி கேக்கறது தப்பே இல்ல. ஆனா முன்னாடியே போன்ல கேட்டுட்டீங்கன்னா எல்லாருக்கும் கௌரவமா இருக்கும்" என்றார். நான் வெட்கப்பட்டேன், கதிர். சபையில் நடந்துகொள்ளத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டார்களோ என்று பயந்தேன். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் நான் கேள்வியே கேட்கவில்லை.

இந்த இடத்தில் உன் அப்பாவைப் பற்றிய ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். நீ ஏழாவது படிக்கும்போது அவர் மூன்று மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். உன்னிடம் நான், "உங்கப்பாவுக்கு வாய் அடங்காது, முதலாளிகூட சண்ட போட்டுட்டு வந்துட்டாரு" என்று சொன்னேன். நீ அதை இன்றுவரை நம்புகிறாய். போன தடவை வந்தபோதுகூட, "அப்பா மாதிரி கோவப்படக் கூடாதுன்னு பாத்துக்கறேன்" என்றாய். அவர் சண்டை போடவில்லை. அவர் ஓட்டிய தனியார் பஸ்ஸுக்கு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. அவர் முதலாளியிடம் சொன்னார். முகூர்த்த நாள், டிக்கெட் நிறைய, இன்றைக்கு மட்டும் ஓட்டு என்றார்கள். சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். நான்தான் சண்டை போட்டேன். "எல்லாரும் ஓட்டுறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எனக்குப் பின்னால ஒக்காந்திருக்கவங்களுக்கு பிரேக் பத்தித் தெரியாதுல்ல. எனக்குத் தெரியுமே" என்றார். அவ்வளவுதான் பேசினார். எட்டாவது வரை படித்தவர். அதற்குப் பிறகு நான் அவரிடம் பத்து நாள் பேசவில்லை. அவர் போன பிறகு அவருடைய பேச்சைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு உயிர் தேவைப்பட்டது.

போன தை மாசம், பொங்கல் முடிந்த வாரம். காலை எட்டு மணி இருக்கும். வாசலில் ஒருவர் நின்றார். நாற்பது வயது, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. பெயர் கலியமூர்த்தி, பாபநாசம் தாண்டி இருக்கிற தவிட்டெண்ணெய் ஆலையில் ஷிப்டு இன்சார்ஜ் என்றார். ஊழியர்கள் புகார் சொல்ல ஒரு குழு இருந்தது. அதற்கு என்னைத் தலைவராகப் போட்டிருந்தார்கள். ஆலைச் சுவரில் என் பெயரும் ஒட்டியிருந்ததாம். உள்ளே வரச் சொன்னேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மெயில்ல போட்டா நடுவுல யாராவது பாப்பாங்கம்மா. அதான் நேர்ல வந்தேன். நீங்க எங்க பக்கத்து ஊரு. ஒங்க அப்பாவ எங்க அப்பாவுக்குத் தெரியும்" என்றார்.

"சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

"ஹெக்சேன் ஆவியக் குளுர வைக்கிற கண்டென்சர்ல ட்யூப் அரிச்சுப்போச்சும்மா. ஆவி கசியுது. கசிஞ்சா அலாரம் அடிக்கும், பிளாண்ட் தானா நின்னுடும். சீசன் நேரம் பாருங்க, தவிடு லாரி லாரியா வருது. ரெண்டு நாள் கெடந்தா சிக்கு வாடை வந்துரும், எண்ணெய் வெளங்காது. அதனால நிக்கக் கூடாதுன்னு அலாரத்து வயரக் கழட்டி விட்டுருக்காங்க. பொங்கலுக்கு முன்னாடியே கழட்டினது. பங்குனியில மெயின்டனன்ஸ், அப்ப பாத்துக்கலாங்கறாங்க."

நான் முப்பது வருஷம் ஆய்வகத்தில் நின்றவள். ஹெக்சேன் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தவிட்டிலிருந்து எண்ணெயைக் கரைத்தெடுக்கிற திரவம், பெட்ரோல் மாதிரி. அதன் ஆவி தரையோடு தரையாகப் படரும். கண்ணுக்குத் தெரியாது. எங்கோ ஒரு சுவிட்சில் ஒரு பொறி போதும். முதல் வருஷ மாணவிகளுக்கு அதைத் தீயின் பக்கத்தில் கொண்டு போகக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். கலியமூர்த்தி சொன்ன அந்த நிமிஷமே எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. "நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் உறையிலிருந்த புகார்க் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து கும்பிட்டார். "என் பேரு வெளிய வராம பாத்துக்கங்கம்மா. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க" என்றார்.

அடுத்து நான் செய்ய வேண்டியது மிகச் சுலபம். ஆலையை நிறுத்து என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். அவசரக் கூட்டம் கூட்டியிருக்க வேண்டும். எனக்கு அந்த அதிகாரம் இருந்தது. ஒரு ஆட்டோ பிடித்து பாபநாசம் போய், அந்த வயரை என் கண்ணால் பார்த்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? நிர்வாக இயக்குநருக்கு போன் செய்தேன். கௌரவமாக, கூட்டத்துக்கு முன்னால், போனில். அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல வேளை சொன்னீங்க மேடம். இன்னைக்கே பாக்கச் சொல்றேன். யாரு சொன்னாங்கன்னு தெரிஞ்சா விசாரிக்க வசதியா இருக்கும்" என்றார்.

நான் பெயரைச் சொன்னேன்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, கதிர். யாரோ மருந்துக் கடைக்கு வழி கேட்டால் சொல்வது போலச் சொன்னேன். பெயரை வெளியிடக் கூடாது என்று குழுவின் விதியிலேயே இருக்கிறது. அந்த விதியில் கையெழுத்துப் போட்டவள் நான்.

பத்து நாளில் ஒரு பதில் வந்தது. அலாரக் கருவி சோதிக்கப்பட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது, புகார் சொன்னவருக்கு மேலதிகாரியோடு மனஸ்தாபம் என்று ஒரே பக்கம். சோதித்தவர் யார், தேதி என்ன, எதுவும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கான குறிப்பில், "புகார் ஆராயப்பட்டது, நிர்வாகத்தின் விளக்கம் குழுவுக்குத் திருப்தி அளித்தது" என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். குழு என்றால் நான்தான். கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே கலியமூர்த்தியைப் பேராவூரணித் தேங்காய் எண்ணெய்க் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவர் எனக்கு இரண்டு முறை போன் செய்தார். திரையில் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை.

அவர் இடத்துக்கு அருள் என்று ஒரு பையனைப் போட்டார்கள். இருபத்தாறு வயது, அரிசி ஆலையிலிருந்து வந்தவன். மாசி மாசம், வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி. நான் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் போனில் யாரோ, "பாபநாசத்துல ஆயில் மில்லு வெடிச்சிருச்சாம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கூடையைக் கீழே வைத்தேன். எந்த ஆலை, எந்த இடம், எதனால் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சந்தையில் அதைத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

இரண்டு பேர் இறந்தார்கள். அருள். தரை கூட்டும் வேலை பார்த்த தனலட்சுமி. ஐந்து பேருக்குத் தீக்காயம். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது: "மேடம், இப்ப வர வேண்டாம், பிரஸ்ஸெல்லாம் நிக்கறாங்க." போகாமல் நின்றுவிட்டேன். நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்.

இதைவிடக் கேவலமானது இனிமேல்தான். மூன்றாம் நாள் வீடியோவில் அவசரக் கூட்டம். எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றோம். பிறகு ஒரு அறிக்கையை வாசித்தார்கள். பணியிலிருந்த இன்சார்ஜ் முறைகளைப் பின்பற்றாததே விபத்துக்குக் காரணம் என்று இருந்தது. அருள் பேச முடியாத இடத்துக்குப் போய்விட்டான். "ஏதாவது கருத்து இருக்கா?" என்று நிர்வாக இயக்குநர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். என் முறை வந்தபோது, திரையில் என் முகத்தை நானே பார்த்தேன். நெற்றியில் திருநீறு, தலையில் ஒரு முடி கலையவில்லை. "கருத்து இல்லை" என்று சொன்னேன். அதுவும் குறிப்பில் ஏறிவிட்டது. மூன்று மாதம் கழித்து உடம்பைக் காரணம் காட்டி விலகினேன். வழியனுப்பு விழா வைத்துப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

இப்போது அரசு ஒரு விசாரணை அதிகாரியைப் போட்டிருக்கிறது. எனக்குச் சம்மன் வந்து பதினாறு நாள் ஆகிறது. வந்த மறுநாளே நிர்வாக இயக்குநர் போன் செய்தார். சம்மனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் சர்க்கரையை விசாரித்தார். பிறகு, "கதிர் தம்பி சிங்கப்பூர்ல எவ்ளோ பெரிய வக்கீலா இருக்காரு. அவர மாதிரி ஆளு நம்ம போர்டுல இருக்கணும் மேடம். நம்ம குடும்பம் மாதிரிதானே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். என்னுடைய மௌனத்தை அவர்கள் ஆறு வருஷமாகச் சரியாகத்தான் படித்து வந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் சேர்மன் உன்னைக் கூப்பிட்டார்.

உனக்குத் திறமை இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் அவர்கள் கூப்பிட்டது உன் திறமையை அல்ல. உன்னை அந்த மேஜையில் உட்கார வைத்துவிட்டால், நான் விசாரணையில் வாய் திறக்கும்போது என் மகன் மேல் மண் விழும். ஒரு தாய் அதைச் செய்ய மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. விசாரணைக்குக் கம்பெனி கொடுக்கும் பதில் இனி உன் முன்னால் வரும். அருள்தான் காரணம் என்கிற அதே வாக்கியத்துக்கு நீ தலையாட்ட வேண்டியிருக்கும்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். "நான் உள்ள போய்ச் சரி பண்றேம்மா." நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன். அங்கே யாரும் உன்னைத் தப்பு செய்யச் சொல்ல மாட்டார்கள். நல்ல சாப்பாடு போடுவார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், நீ கேட்காத வரைக்கும். கேட்கிற ஒரு நொடியில் அந்த அறையின் காற்று லேசாக மாறும். அந்த மாற்றம்தான் தண்டனை. அதைத் தாங்குவது ஜெயிலைத் தாங்குவதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் நான் தாங்கவில்லை. இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்றைக்காவது வேறொரு கம்பெனியில் உட்காருவாய். அப்போது கூட்ட அறைக்கு முன்னால் ஆலைக்குப் போ, சொல்லாமல் போ. பச்சை என்று காட்டினால் போட்டவரின் பெயரைக் கேள். உன்னை நம்பி ஒருவர் வந்தால் அவர் பெயர் உன்னோடு சாகட்டும். உன் கேள்வியை உன் வார்த்தையிலேயே குறிப்பில் எழுதச் சொல், எழுதும் வரை எழுந்திருக்காதே. ஆனால் இந்த நாற்காலி வேண்டாம், கதிர். காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

திங்கட்கிழமை கலியமூர்த்திக்கு போன் செய்தேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை. எடுத்தார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நடுவிலேயே நிறுத்தினார். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா. ஒங்ககிட்டக் குடுத்த பேப்பரோட ஜெராக்ஸ் எங்கிட்ட இருக்கு. அத நான் போன மாசமே அதிகாரிகிட்டக் குடுத்துட்டேன். கம்பெனிக்காரங்க அப்படி ஒரு பேப்பர் வரவே இல்லங்கறாங்க. வந்துச்சுன்னு நீங்க சொல்லணும். அவ்வளவுதான்" என்றார். வைக்கும் முன், "அந்தப் பையன் அருளு ரொம்ப நல்ல பையம்மா" என்றார்.

நேற்றுக் காலை போனேன். அதிகாரி உன் வயதுக்காரர். எல்லாவற்றையும் சொன்னேன், பெயரைச் சொன்னது உட்பட. "கருவி செயலிழந்திருந்தது உங்களுக்கு விபத்துக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, வக்கீல் வச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். என் மேல் வழக்கு வரலாம் என்று சொன்னார். உன் வேலைக்கும் இதனால் தொந்தரவு வரும். சிங்கப்பூரில் உன்னைப் பற்றி விசாரித்தால் என் பெயரும் சேர்ந்து வரும். இதை உனக்குச் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் உன்னைக் கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

வாக்குமூலத்தின் நகலை வாங்கிக்கொண்டு நேராகப் பஸ் ஏறினேன். அருளின் ஊர் பாபநாசத்திலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். மழை விட்டிருந்தது. சம்பா நடவு பாதி முடிந்து, வயலில் ஆட்கள் இருந்தார்கள். வழி கேட்டால் யாரும் சட்டென்று சொல்லவில்லை. ஒரு பெண், "அந்த ஆயில் மில்லு அருளு வீடா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கை காட்டினாள். அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை.

அருளின் மனைவி கவிதா, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை. நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அலாரம் கழற்றப்பட்டிருந்தது, எனக்குத் தெரிந்திருந்தது, அவள் கணவன் மேல் பழி போட்டபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று. அவள் அழவில்லை. "அங்க ஒரு அலாரம் உண்டுன்னே அவருக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா எங்கிட்ட சொல்லிருப்பாரு. எல்லாத்தையும் சொல்லுவாரு" என்றாள். பிறகு, "அவரு தப்பில்லன்னு இந்தப் பேப்பர்ல இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். எந்த வரி என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி மூன்று முறை படித்தாள்.

"வாங்க" என்று செருப்பை மாட்டினாள். தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு கூரை வீடு. இறந்துபோன தனலட்சுமியின் வீடு அது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே தெரு. அருள்தான் அஜாக்கிரதையாக இருந்து தனலட்சுமியைக் கொன்றுவிட்டான் என்று எட்டு மாதமாக அந்தத் தெரு கவிதாவோடு பேசவில்லை. தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். சென்னையில் குளிரூட்டிய அறையில் நாங்கள் தலையாட்டிய ஒரு வாக்கியம் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

தனலட்சுமியின் கணவர் முருகையன், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். கவிதாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அந்தக் காகிதத்தை நீட்டி, "மாமா, இவங்க சொல்றத ஒரு தடவ கேளுங்க. அப்புறம் பேச வேண்டாம்னா பேச வேண்டாம்" என்றாள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி கேட்டார். முடித்ததும் எழுந்து, கவிதாவின் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவர் வாய் கோணியது. "ஒன்ன எட்டு மாசமா என்ன பாடு படுத்திட்டோம், ஆத்தா" என்றார். அவள் அப்போதுதான் அழுதாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் போல, "படிச்சவங்க. எல்லாம் தெரிஞ்சிருக்கு. நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா அவங்க உங்கள என்னம்மா பண்ணிருப்பாங்க?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன், கதிர். மனசறிய யோசித்தேன். ஒன்றும் பண்ணியிருக்க மாட்டார்கள்.

அம்மா